இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே

"அக்கா, ஒரு ஐடியா" என்று என் தங்கையின் கணவர் புனேயிலிருந்து போனில் சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஐடியா என்று ஆரம்பித்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால், என் தங்கைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இதே குரலில்தான் "ஒரு ஐடியா அக்கா, பாப்பா ஒரு ஆறு மாசம் உங்ககிட்ட இருக்கட்டுமே" என்றார். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. அந்த ஆறு மாதம்தான் ஏழு வருடமாக நீண்டது.

இடையில் அவர் மறுமணம் செய்துகொண்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை தைத்து அழைத்துப் போனவளே நான்தான். பாப்பா பந்தியில் உட்கார்ந்து இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டாள். பிறகு ஒரு மார்ச் மாதம் அவர், "ஜூன்லேர்ந்து இங்க ஸ்கூல்ல சேத்துடறேன் அக்கா, இனிமே எங்ககூடவே இருக்கட்டும்" என்றார். பெற்ற தகப்பன் கேட்கிறார். மாட்டேன் என்று சொல்ல நான் யார்? சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆக, அவள் போகப்போகிறாள் என்பது முடிவாகிவிட்டது. எப்படிப் போகப்போகிறாள் என்பதுதான் பாக்கி. அதற்குத்தான் இந்த வெண்டைக்காய் நேரத்து ஐடியா.

"உங்க ஊருக்கு வெளிய ஒரு தீம் பார்க் இருக்கே, அங்க நாலு நாள் போலாம் அக்கா. மொத ரெண்டு நைட் நீங்களும் அண்ணனும் பாப்பாவும் பார்க்குக்குள்ள இருக்கிற ரிசார்ட்ல தங்குங்க. அப்புறம் பக்கத்துலயே இன்னொரு ரிசார்ட் இருக்கு. அங்க ரெண்டு நைட் நாங்க அவள வெச்சிக்கிறோம். அங்கேர்ந்து அப்படியே ஏர்போர்ட். ரைடு, ஸ்விம்மிங் பூல்னு ஜாலியா இருப்பா. ஷாக் தெரியாது."

ஷாக் தெரியாதாம். ஊசி போடும்போது குழந்தையிடம் காக்கா பார், குருவி பார் என்று காட்டுவார்களே, அந்த வேலை. அதற்கு இரண்டு ரிசார்ட், நாலு நாள் லீவு. வாயில் வந்ததை அப்படியே கேட்டிருப்பேன். ஆனால் அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தது. "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் யோசித்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். சுரங்கத்தை மூடிய பிறகு எல்லாரையும் போல நாங்களும் பெங்களூருக்கு ரயிலேறி, கடைசியில் சந்தாபுராவில் வீடு பார்த்துக்கொண்டோம். அவர் லிப்ட் மெக்கானிக். எத்தனையாவது மாடியிலோ இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், தரையில் நிற்கும்போது வாயைத் திறக்க மாட்டார். நான் அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் இருக்கிறேன். நாளெல்லாம் வாயை மூட மாட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன், இதற்கு மேல் யாரும் துருவ வேண்டாம்.

பாப்பா என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட வந்தாள், மூன்று வயதில். நான்தான் திருத்தித் திருத்திப் 'பெரிம்மா' என்று பழக்கினேன். என் தங்கை இடத்தில் நான் ஏறி உட்காரக் கூடாது என்ற ரோஷம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் ஐடியாவைச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். வழக்கத்துக்கு மாறாக வாயையும் திறந்தார்.

"எதுக்கு ரெண்டா பிரிக்கிறீங்க? எல்லாரும் ஒரே ரிசார்ட்ல நாலு நாளும் இருக்கலாம்ல? அஞ்சு பேரு. கொழந்தைக்கு அவங்களோடயும் பழகின மாதிரி இருக்கும், நமக்கும் ரெண்டு நாள் கூட கெடைக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. "பொட்டி தூக்கிக்கினு அலையணும்னு உங்களுக்குச் சோம்பேறித்தனம்" என்று கத்தினேன். உண்மை அது இல்லை. எனக்குள் இருந்தது வேறு. நாலு நாள் ஒரே இடம் என்றால், காலை டிபன் மேசையில் பாப்பாவின் அப்பா மறுமணம் செய்துகொண்ட அந்தப் பெண் அவளுக்கு இட்லி எடுத்து வைப்பதை நான் பார்க்க வேண்டும். தலைமுடியை அவள் பின்னிவிடுவதைப் பார்க்க வேண்டும். ஈரத் தலையோடு பாப்பா அவள் துண்டுக்குள் போவதைப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது. பிரித்துவிட்டால் முதல் இரண்டு நாள் முழுக்க முழுக்க எனக்கு. யாருக்கும் பங்கு கிடையாது. நாலு நாள் பங்குக்கு இரண்டு நாள் சொந்தம் மேல் என்று என் மனசு கணக்குப் போட்டது.

அந்தப் பெண் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நல்லவள். பாப்பாவுக்கு என்னென்ன பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது, எத்தனை மணிக்குத் தூங்குவாள் என்று கேட்டு ஒருநாள் நீளமாக மெசேஜ் அனுப்பியிருந்தாள். கடைசியில், "நீங்க சொன்னா அப்படியே செய்வேன் அக்கா" என்று எழுதியிருந்தாள். நான் பதிலுக்கு "எல்லாம் சாப்பிடுவா" என்று இரண்டே வார்த்தை போட்டேன். பாப்பா கத்தரிக்காயைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுவாள். தயிர் சாதத்தில் கடுகு தெரியக் கூடாது. பச்சை வாழைப்பழம் சாப்பிட்டால் மறுநாள் சளி பிடிக்கும். இதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. அவளே கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே எல்லாம் கேட்டார். ஒன்றா இரண்டா என்று ரிசார்ட்டைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருக்க, அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "மகூகெ ஹேள்பிடி அக்கா" என்றார். குழந்தையிடம் சொல்லிவிடுங்கள் என்று. நான் அவரையும் ஒரு பிடி பிடித்தேன். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் இதையெல்லாமா சொல்வார்கள்? எங்கள் வீடுகளில் குழந்தைகளிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. என் அப்பாவுக்குச் சுரங்கத்தில் கால் போனதையே எங்களுக்கு அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் காட்டினார்கள். அதில் நாங்கள் என்ன குறைந்துபோய்விட்டோம்? அப்படித்தான் கேட்டேன். அந்தம்மா கிளிப்பை மாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

கடைசியில் முடிவெடுக்க வைத்தவள் பாப்பாதான். தீம் பார்க் போகிறோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். என் போனைப் பிடுங்கி இரண்டு ரிசார்ட்டின் படங்களையும் பார்த்துவிட்டாள். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் ராட்டினம் தெரியும். இன்னொன்றில் மரத்தாலான வீடுகள், உயரத்தில், ஏணிப்படி போட்டு ஏற வேண்டும். "ரெண்டுலயும் இருக்கலாமா பெரிம்மா? ப்ளீஸ் ப்ளீஸ். ரெண்டு நாள் ராட்டினம், ரெண்டு நாள் மரவீடு!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நோட்டில் கோடு போட்டு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் நாலு விளையாட்டு என்று பிரித்து வைத்தாள். "பாத்தீங்களா, அவளே கேக்கறா" என்று வீட்டுக்காரரிடம் வெற்றியாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மரவீட்டுக்கு உங்க அப்பாவும் வருவாரு" என்று பாப்பாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. "ஐ!" என்றாள். வருடத்துக்கு இரண்டு தடவை வரும் அப்பா. வந்தால் பெரிய சாக்லேட் வரும். "சித்தியும் வருவாங்களா?" என்றாள். வருவாங்க என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் டி.சி. வாங்கியாகிவிட்டது. அது என் கைப்பையில் மடித்து இருந்தது. அவளுடைய துணி முழுவதையும், குளிர்கால ஸ்வெட்டர் உட்பட, பெரிய சிவப்பு டிராலிப் பையில் அடுக்கினேன். "நாலு நாளுக்கு இவ்ளோ ட்ரெஸ்ஸா?" என்று கேட்டாள். "தண்ணியில நனையும்டி, சும்னே இரு" என்றேன்.

எல்லாம் முடிவாகி, அறைகளும் பதிவாகி, நாலு நாள் இருக்கும்போதுதான் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். எனக்குத் திக்கென்றது. நாங்கள் பாப்பாவை ஒப்படைக்கிற நாள் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் பேச்சே இல்லாத விஷயம். பொதுவாக இதையெல்லாம் கேலி பேசுகிறவள்தான் நான். ஆனால் என் தங்கையைக் கல்யாணம் முடித்துப் புனேக்கு ரயிலேற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. டிக்கெட் அன்றைக்குத்தான் கிடைத்தது. நாள் சரியில்லை என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. முந்தின நல்ல நாளிலேயே புறப்படுகிறவரின் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். அன்றைக்குக் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் அதைச் செய்ய மறந்துபோனோம். மறந்தது நான்தான்; என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள். என் தங்கை உயிரோடு திரும்பி வரவில்லை. டெங்குவில் போனாள், பையால் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் வேலை பார்க்கிறேன், தெரியாமலா இருக்கும்? தெரிந்து என்ன பண்ண. இந்தத் தடவை என்னால் மறக்க முடியாது.

புதன்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று பாப்பாவின் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருடைய லீவு, விமான டிக்கெட், அறைப் பதிவு எதுவும் ஒத்துவரவில்லை. ஆகவே பரஸ்தானம்தான். திங்கட்கிழமை மத்தியானமே பாப்பாவின் சிவப்புப் பையை மட்டும் இரண்டாவது ரிசார்ட்டின் ரிசப்ஷனில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமயே வீட்ட விட்டுக் கெளம்பிடறோமே. அப்புறம் இன்னா செவ்வாக்கிழம?" என்றார்.

"அவளுக்கு வீடுன்னா அந்தச் செவுரா? நாமதான்."

அவர் கொண்டுபோய் வைக்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தோம். மே மாத வெயில். பாப்பாவின் கால் தரையில் படவில்லை. எனக்கு ஊஞ்சலே ஆகாது, தலை சுற்றி வாந்தி வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறவள். அதனால் ராட்டினம், ரயில், தண்ணீர்ச் சறுக்கு எல்லாவற்றுக்கும் அவள் பெரியப்பாவோடுதான் போனாள். லிப்ட் குழியில் நிற்கிற மனுஷனுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் ஒரு வேப்பமரத்தடிப் பெஞ்சில் மூன்று ஜோடி செருப்பையும், இரண்டு தண்ணீர் பாட்டிலையும், கைப்பையில் டி.சி.யையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயரத்திலிருந்து பாப்பா கத்துவது கேட்கும். எல்லாக் குழந்தைகளும் கத்துகின்றன. அதில் இவள் குரல் எது என்று தேடிக்கொண்டிருப்பேன். இறங்கி ஓடிவந்து, தண்ணீர் குடித்து, "பெரிம்மா அடுத்தது அந்தப் பச்சை கலரு!" என்று மறுபடியும் ஓடிவிடுவாள். அப்படியே ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை பாதியும் போயிற்று.

யாருக்கும் பங்கு கொடுக்காமல் எனக்கென்று வாங்கிக்கொண்ட இரண்டு நாள் இதுதான். ஐம்பது அடி தள்ளி, பெஞ்சில்.

திங்கட்கிழமை சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர், வேலை விஷயமாக ஒரு போன் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினார். நான் பாப்பாவைப் பொம்மலாட்டக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்குள் வைத்தாகிவிட்டது என்று அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. சத்தியமாக நிம்மதிதான் பட்டேன். இந்தத் தடவை முறையாகச் செய்துவிட்டேன் என்று.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட அறைக்கு வந்தோம். அன்றைக்கும் மறுநாளைக்கும் மாற்றுத் துணியை மறக்காமல் வெளியே எடுத்துக் கட்டில் மேல் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் யோசித்துச் செய்ததாக நினைப்பு. ஆனால் பாப்பா துணியைப் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

"பெரிம்மா, என் பேக் எங்க? ஸ்கெட்ச் பென் வேணும்."

"அத முன்னாடியே அந்த மரவீட்டுக்கு அனுப்பிட்டோம்டி. நாளைக்கு அங்கதான போறோம்?"

"ஓ" என்றாள். தலையைத் துவட்டினேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உன் பேக் இங்கயே இருக்கே?"

கட்டிலுக்குப் பக்கத்தில் என்னுடைய பச்சைப் பை இருந்தது. அதன் மேல் அவருடைய ஷோல்டர் பேக். நான் துவட்டிக்கொண்டே இருந்தேன்.

"அத நாளைக்கு எடுத்துக்கலாம். ஒனக்கு எடம் பிடிக்கறதுக்குத்தான் ஒன்னோடத மட்டும் வெச்சிட்டு வந்தாரு பெரிப்பா." இப்படி ஒரு பேத்தல். ரிசார்ட் என்ன பஸ் சீட்டா, கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்க?

அவள் துண்டை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் டி.வி. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா துணியை மாற்றிக்கொண்டாள். ஈர உடையைத் தானே பிழிந்து பால்கனியில் போட்டாள். இந்த ஏழு வருடத்தில் அவள் ஈரத்துணியைத் தானாக எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும், களைப்பு, அதனால்தான் அமைதியாக இருக்கிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்போதாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டு அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. வாய் வரவில்லை. நாளெல்லாம் மூடாத வாய் எனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தோம். மரவீட்டில் இரண்டு மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். நடுவில் மூன்று மணி நேரம். இரண்டு இடமாகப் பிரித்தால் இப்படி ஒரு நேரம் வரும் என்று வீட்டுக்காரர் முன்பே சொன்னார். இங்கேயும் சேராமல் அங்கேயும் சேராமல் ஒரு நேரம். பைகளை லாபியில் விட்டுவிட்டுப் பார்க்குக்குள் போனோம். நான் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். பாப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடி, பச்சை கலரு ரைடு இன்னொரு தடவ போகணும்னியே?"

"வேணாம்."

"ஏன்? தல வலிக்குதா?"

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

என் தோள் மேல் சாய்ந்துகொண்டாள். என் புடவைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள், இரண்டு வயதில் செய்த மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் இப்படியே இருந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. நான் அழுதால் அவளும் அழுவாள்; அவள் அழுதால் எல்லாம் பாழ்; இவ்வளவு நாடகமும் அவள் அழாமல் இருப்பதற்காகத்தானே. அதோடு மூன்று மணிக்கு ராகு காலம் வேறு, அதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அந்தப் பதற்றம் எனக்குக் கோபமாக வந்தது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? பெஞ்சில உக்கார நம்ம ஊரு பார்க் போதாதா? டிக்கெட் எல்லாம் வேஸ்ட்டு. ஏந்திரு. ஏந்திருடி மொதல்ல. பெரிப்பா காத்துக்கினு இருக்காரு பாரு" என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தலைப்பை விரலிலிருந்து கழற்றினாள். எழுந்து போனாள். பச்சை ரைடில் ஏறினாள், நீல ரைடில் ஏறினாள், முந்தின நாள் பயந்து விட்ட பெரிய சறுக்கிலும் ஏறினாள். ஒவ்வொன்றிலும் மேலேயிருந்து எனக்குக் கை ஆட்டினாள். இந்தத் தடவை அவள் குரல் எது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் கத்தவே இல்லை.

இரண்டேகால் மணிக்கு மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பார்க்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். அவளுடைய அப்பாவும் அந்தப் பெண்ணும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் கைப்பையைத் திறந்து டி.சி.யை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பிறகு, கத்தரிக்காய் சாப்பிட மாட்டாள், தயிர் சாதத்தில் கடுகு தெரியக் கூடாது, பச்சை வாழைப்பழம் சளி பிடிக்கும் என்று கடகடவென்று எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன். அவள் போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பாப்பாவின் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு, கார் கிட்ட நிற்கிறேன் என்று போய்விட்டார். மூலையில், ஏணிக்குக் கீழே, சிவப்புப் பை முந்தின நாளே வந்து சேர்ந்து நின்றிருந்தது.

"மேல ஏறிப் பாரேன் பாப்பா, சூப்பரா இருக்கு" என்றார் அவள் அப்பா.

அவள் ஏணியின் முதல் படியில் ஏறி நின்றாள். அங்கே நின்றால் என் உயரத்துக்கு வருகிறாள். என்னைக் கூப்பிட்டாள். கிட்டே போனேன்.

"பெரிம்மா, நேத்து என் பேக் மட்டும் போச்சுன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் இங்க தங்க மாட்டீங்கன்னு."

அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. ஒரு கணக்குத் தப்பாகிவிட்டதை எடுத்துக் காட்டுவது போல மெல்லச் சொன்னாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஒரு ரைடுலயும் ஏறியிருக்க மாட்டேன். ஒங்கூடயே பெஞ்சில உக்காந்திருப்பேன்."

அவளை வாரி அணைத்திருக்க வேண்டும். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சந்தாபுராவுக்கே திரும்பியிருக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால், தப்பு செய்துவிட்டேன் கண்ணு என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இத்தனையும் இப்போது எழுதும்போது வருகிறது. அப்போது என் வாயில் வந்தது வேறு.

"மணியாவுது" என்றேன். "மேல ஏறு."

அவள் ஏறிப் போனாள்.